ஆகாயத்திலிருந்து குதித்த வைத்தியர்கள்

பாரசூட் வீரர்களின் கதையும், உயிர் காக்கும் எச்சரிக்கைகளும்

கைக்குட்டையின் நான்கு முனைகளிலும் நூலைக் கட்டி, அந்த நூல்களை ஒரு சிறு கல்லில் பிணைத்து, சுருட்டி ஆகாயத்தில் எறிந்து விளையாடாத பிள்ளைகள் உண்டா? புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த விளையாட்டுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. பாறைக் குன்றுகள் இருக்கின்றன. கண்மாய்க் கரைகள் இருக்கின்றன. வெட்ட வெளியும் காற்றும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. எறிந்த கைக்குட்டை சில சமயம் அழகாக விரிந்து, ஆடி அசைந்து கீழே இறங்கும். சில சமயம் நூல் சிக்கிக்கொள்ளும். கல் கல்லாகவே 'தொப்'பென்று விழும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் எடுத்து, சிக்கலைப் பிரித்து, மறுபடியும் மடிப்பார்கள்.

கல்லுக்குப் பதிலாக அதிலே ஒரு மனிதன் தொங்கினால்? மறுபடியும் மடிக்க அவகாசம் கிடையாது. மடிப்பதை முன்னதாகவே சரியாக மடித்திருக்க வேண்டும். பாரசூட்டின் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

திருமயத்தைக் கடந்து காரைக்குடிச் சாலையில் சென்றால், மாவட்ட எல்லைக்கு அப்பால் செட்டிநாட்டில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. யுத்த காலத்தில் தென்னாட்டின் பல இடங்களில் இத்தகைய ஓடுதளங்கள் தோன்றின. அதே ஆண்டுகளில், வடக்கே டில்லியில், இந்தியச் சிப்பாய்கள் சிலர் விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முதன்முதலாகக் குதித்த இந்தியர் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றொருவர் துப்பாக்கி வீரர் அல்லர்; நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் டாக்டர். அவர் பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ்!

குடை பிறந்த கதை

உயரத்திலிருந்து குதித்து உயிரோடு தரையை அடைய வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு நெடுங்காலமாகவே உண்டு. 1783-ல் பிரான்சு தேசத்தில் லெனோர்மாண்ட் என்பவர், மான்ட்பெல்லியே நகரத்து வானாராய்ச்சிக் கோபுரத்தின் மேலிருந்து குடை போன்ற ஒரு சாதனத்தைப் பிடித்துக்கொண்டு குதித்துக் காட்டினார். 1797 அக்டோபர் 22-ந் தேதி கார்னெரின் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர், பாரிஸ் நகரில் பலூனில் ஏறி, வெகு உயரம் போனபின் கயிற்றை அறுத்துவிட்டுப் பாரசூட்டில் இறங்கினார். அவருடைய பாரசூட்டின் உச்சியில் காற்று வெளியேறத் துவாரம் கிடையாது. அதனால் அது ஊஞ்சலைப் போல இங்குமங்கும் ஆடி, அவரைப் படாத பாடு படுத்தியது. பின்னால் உச்சியில் ஒரு துவாரம் வைத்ததும் ஆட்டம் அடங்கியது. சிறு துவாரம், ஆனால் எவ்வளவு பெரிய உபகாரம்!

நம் நாடும் இதில் பின்தங்கி விடவில்லை. 1890-ல் கல்கத்தாவில் ராமச்சந்திர சட்டர்ஜி என்ற வங்காளி, பலூனிலிருந்து பாரசூட்டில் குதித்து, அவ்வாறு இறங்கிய முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். சர்க்கஸில் வித்தை காட்டிப் பழகிய மனிதர் அவர். ஆகவே அந்நாளில் பாரசூட் என்பது காசு கொடுத்துப் பார்க்கும் வேடிக்கையாக இருந்தது. அதை உயிர் காக்கும் கருவியாக்கியது ஆகாய விமானம்தான்.

1919-ல் அமெரிக்காவில் லெஸ்லி இர்வின் என்பவர், முதுகில் மடித்துக் கட்டிய பாரசூட்டுடன் விமானத்திலிருந்து குதித்து, அந்தரத்தில் விழுந்துகொண்டிருக்கும்போதே தம் கையால் கயிற்றை இழுத்து அதை விரியச் செய்தார். ஆகாயத்தில் விழுகிற மனிதன் மயங்கிவிடுவான், அவனால் கையை அசைக்கவே முடியாது என்று அதுவரை பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். இர்வினுக்கு மயக்கம் வரவில்லை. தரையில் இறங்கும்போது கணுக்கால் முறிந்ததுதான் மிச்சம்!

ஐந்தரை வினாடி

இந்தச் சாதனம் எப்படி வேலை செய்கிறது? கணக்கு எளிதானது. பாரசூட் இல்லாமல் விழும் மனிதனை ஆகாயக் காற்று ஓரளவு தடுக்கிறது. சற்று நேரத்தில் அவன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் என்ற அளவில் வந்து நிற்கும். அந்த வேகத்தில் 1,000 அடியைக் கடக்க அவனுக்கு ஐந்தரை வினாடி போதும். ஒரு முறை நிதானமாக மூச்சை இழுத்து விடும் நேரம்!

பாரசூட் விரிந்துவிட்டாலோ, அந்த வேகம் வினாடிக்கு ஐந்து, ஆறு மீட்டராகக் குறைந்து போகிறது. ஐந்தடி, ஆறடி உயரமுள்ள சுவரிலிருந்து குதித்தால் எவ்வளவு அதிர்ச்சியோ அவ்வளவுதான் அப்போது காலுக்கு. ஆனால் அதுவும் அற்பமல்ல. சுவரிலிருந்து குதிக்கத் தெரியாதவன் காலை ஒடித்துக்கொள்வதில்லையா? ஆகவே பாதங்கள் இரண்டையும் முழங்கால்கள் இரண்டையும் ஒட்ட வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, தரை பட்டதும் பக்கவாட்டில் உருண்டு விழ வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் நாள் கணக்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள். விமானத்தின் அருகே போவதற்கு முன் மாணவன் தரையில் பல முறை விழுந்து எழுந்திருப்பான்.

ராணுவ வீரர்கள் பெரும்பாலும் ஆயிரம், ஆயிரத்து இருநூறு அடி உயரத்திலிருந்து குதிக்கிறார்கள். அங்கே கயிற்றைத் தேடிப் பிடித்து இழுக்க நேரம் இராது. ஆதலால் பாரசூட் பையோடு சேர்ந்த ஒரு நீண்ட வாரின் முனையை விமானத்துக்குள் ஒரு கம்பியில் மாட்டிவிடுகிறார்கள். வீரன் வெளியே பாய்ந்ததும் அந்த வாரே பையை இழுத்துப் பிரித்து விடுகிறது. வீரன் வாய்விட்டு எண்ணிக்கொண்டே விழுவான். நான்கு வினாடி எண்ணியும் தோளில் அந்தப் பலத்த இழுப்பு வரவில்லையானால், மார்பில் கட்டியிருக்கும் இரண்டாவது பாரசூட்டை இழுக்க வேண்டும். யோசனைக்கு அங்கே இடமில்லை.

கொரியாவில் ஓர் ஆற்காட்டார்

1941-ல் டில்லியில் ஐம்பதாவது இந்தியப் பாரசூட் பிரிகேடு அமைந்தது. அதன் 152-வது இந்தியப் பட்டாலியனுக்கு வைத்தியராக வந்து சேர்ந்தவர்தான் லெப்டினன்ட் ரங்கராஜ். சிப்பாய்கள் ஆகாயத்திலிருந்து இறங்கும் இடத்தில் காயம் படுவது நிச்சயம். அந்த இடத்துக்கு வண்டியோ சாலையோ போயிராது. அப்படியானால் வைத்தியன் எப்படிப் போவது? அவனும் குதித்தாக வேண்டும்! இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்பாகவே குதித்துக் காட்டினார் ரங்கராஜ்.

நாடு விடுதலை அடைந்த பிறகு அவருடைய வாழ்வின் பெரிய அத்தியாயம் தொடங்கியது. 1950-ல் கொரியாவில் யுத்தம் மூண்டபோது, சண்டையிடப் படை அனுப்புவதில்லை, காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை செய்ய ஒரு வைத்தியப் பிரிவை மட்டும் அனுப்புவது என்று இந்தியா முடிவு செய்தது. அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டது அறுபதாவது பாரசூட் கள மருத்துவப் பிரிவு. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். முந்நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட அந்தப் பிரிவு 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கியது. நம் ஊரில் கார்த்திகை மாதத்துக் குளிருக்கே போர்வையைத் தேடுகிறோம். அவர்கள் போய்ச் சேர்ந்ததோ ஆறுகள் உறைந்து போகும் குளிரில்!

போன சில நாட்களிலேயே சோதனை வந்தது. சீனப் படைகள் வெள்ளமாகப் பெருகி வரவே, டிசம்பரில் பியோங்யாங் நகரைக் காலி செய்யும்படி உத்தரவாயிற்று. இந்தியப் பிரிவுக்குப் போதிய வண்டிகள் இல்லை. வைத்தியக் கருவிகளைப் போட்டுவிட்டு வரலாம் என்றார்கள். கருவி இல்லாத வைத்தியன் யாருக்கு என்ன பிரயோசனம்? கைவிட மனம் வராமல் தேடிய நம் வீரர்களின் கண்ணில் பழைய நீராவி ரயில் எஞ்சின் ஒன்று பட்டது. எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். வரிசையாக நின்று, வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றி எஞ்சினின் கொதிகலனை நிரப்பினார்கள். கருவிகளையெல்லாம் பெட்டிகளில் ஏற்றி, தாங்களே ரயிலை ஓட்டிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்தார்கள். அவர்கள் கடந்த சற்று நேரத்துக்கெல்லாம் பாலம் தகர்க்கப்பட்டது!

அடுத்த ஆண்டு, 1951 மார்ச் 23-ந் தேதி, முன்சான்-நி என்னுமிடத்தில் அமெரிக்கப் பாரசூட் படையினர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் குதித்தார்கள். அவர்களுடன் பன்னிரண்டு இந்தியர்களும் குதித்தார்கள். தலைமை தாங்கிக் குதித்தவர் ரங்கராஜ். தரையை அடைந்ததும், குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அந்தப் பூமியிலேயே சிகிச்சை நிலையம் அமைத்து, அறுவைச் சிகிச்சைகளைத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாண்டுகளுக்கு மேல் கொரியாவில் தங்கிய அந்தப் பிரிவு, போர் வீரர்களுக்கு மட்டுமல்ல, வீடிழந்த குடிமக்களுக்கும் வைத்தியம் செய்தது. சிகிச்சை பெற்றவர்கள் சுமார் இரண்டு இலட்சம் பேர் என்று கணக்கு. பாரசூட் படையினரின் கருஞ்சிவப்புத் தொப்பியை வைத்து அவர்களுக்கு 'கருஞ்சிவப்பு தேவதைகள்' என்றே பெயர் வந்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. எதிரியைச் சுட்டு வீழ்த்தியதற்காக அல்ல, விழுந்தவர்களை எழுப்பியதற்காகக் கிடைத்த சக்கரம் அது.

அத்துடன் அவர் ஓய்ந்து உட்கார்ந்துவிடவில்லை. ராணுவத்தை விட்ட பிறகு உலக சுகாதார ஸ்தாபனத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானத்தில் பெரியம்மையை ஒழிக்கும் வேலையில் ஈடுபட்டார். சாலையில்லாத மலைகள், பனி, ஊர் ஊராக அம்மை குத்தும் உழைப்பு. 1972-க்குப் பிறகு அந்த நாட்டில் பெரியம்மை நிலையாகப் பரவ இடமில்லாமல் போயிற்று. 1980-ல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

டாக்டர் பெண்மணி

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. 1959-ல் இந்தியாவின் முதல் பெண் பாரசூட் வீரர் என்ற பெயரைப் பெற்றவர் விமானப் படையைச் சேர்ந்த கீதா சந்தா. அவரும் ஒரு டாக்டர்! இந்தியப் படைகளில் முதலில் குதித்த ஆடவருள் ஒருவரும் வைத்தியர். முதலில் குதித்த பெண்ணும் வைத்தியர். பிறர் அஞ்சும் இடத்துக்கு முதலில் போகும் தைரியம் அந்தத் தொழிலோடு பிறந்தது போலும். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அதிசயமாக இருந்த காலத்தில், ஆண்கள் நிறைந்த புதுக்கோட்டைக் கல்லூரியில் சேர்ந்து படித்து, சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912-ல் டாக்டராக வெளிவந்த முத்துலட்சுமி ரெட்டியைப் பெற்ற மண்ணுக்கு, இந்தத் தைரியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் ராச்சல் தாமஸ் என்ற பெண்மணி, 2002-ல் வட துருவத்துக்கு மேலே ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து குதித்தார். 2004-ல் சீதள் மகாஜன் தம் முதல் குதிப்பையே வட துருவத்தில் செய்தார். இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

குதிப்பவர்களைப் பார்த்துக் கை தட்டுகிறோம். மடிப்பவரை யார் நினைக்கிறார்கள்?

பாரசூட் மடிப்பது ஒரு தனித் தொழில். நீண்ட மேசையின் மேல் துணியை விரித்து, ஒவ்வொரு பட்டையையும் தடவிப் பார்த்து, கிழிசல், கறை, ஈரம், பூஞ்சை ஏதும் உண்டா என்று சோதிக்கிறார்கள். கயிறுகளை ஒன்றோடொன்று பின்னாமல் ஒழுங்கு செய்கிறார்கள். எந்த மடிப்புக்குப் பின் எந்த மடிப்பு என்பதற்கு மாறாத முறை உண்டு. கடைசியில் மடித்தவர் தம் கையெழுத்தைப் பதிவேட்டில் இடுகிறார். அந்தக் கையெழுத்து ஓர் உயிருக்குப் பொறுப்பேற்கும் பத்திரம். அமெரிக்க ராணுவத்தில் மடிப்பவர்களும் பாரசூட்டில் குதிக்கப் பயின்றவர்களாக இருக்க வேண்டும்; தாம் மடித்ததை மாட்டிக்கொண்டு தாமே குதிக்கத் தயாராக இருக்க வேண்டும். மனம் அலையாமல் மடிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்?

முற்காலத்தில் பாரசூட்டுக்குப் பட்டுத்தான் துணி. யுத்தத்தில் பட்டு அகப்படாமல் போகவே நைலான் வந்தது. பர்மாப் போர்முனையில் 1944-ல் சாமான் இறக்கும் பாரசூட்டுகளுக்கு நைலானும் போதவில்லை. கல்கத்தாவின் சணலைக் கொண்டே பாரசூட் செய்து, அரிசியையும் வெடிமருந்தையும் இறக்கினார்கள். ஆனால் மனிதரை இறக்கச் சணலை நம்பவில்லை. எதை எதற்கு நம்பலாம் என்று தெரிந்திருப்பதும் ஒரு பாதுகாப்புத்தானே?

சேலம் சொன்ன பாடம்

இப்போது பாரசூட் குதிப்பு படையினருக்கு மட்டும் உரிய கலையாக இல்லை. பணம் கட்டிக் குதித்து மகிழும் விளையாட்டாகவும் ஆகிவிட்டது. நம் தமிழ்நாட்டில் சேலம் விமான நிலையத்தில் அத்தகைய முகாம் ஒன்று நடந்தது. 2014 ஜனவரியில் அங்கே பெங்களூரிலிருந்து வந்து குதித்த இளம் பெண் ஒருவர், பாரசூட் விரியாமல் தரையில் விழுந்து மாண்டார். உற்சாகத்தோடு விமானம் ஏறியவரின் உயிரற்ற உடலே வீடு திரும்பியது. அந்தச் செய்தியைப் படித்து மனம் பதறாதவர்கள் இல்லை.

அனுபவசாலிகளையும் ஆகாயம் மன்னிப்பதில்லை. 2012-ல் பூமிக்கு மேலே ஏறக்குறைய 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து உலகத்தைத் திகைக்க வைத்த ஆஸ்திரிய வீரர் பீலிக்ஸ் பாம்கார்ட்னர், 2025 ஜூலையில் இத்தாலியில் பாராகிளைடரில் பறந்தபோது விழுந்து இறந்து போனார்.

ஆகையால், ஆகாயத்தில் குதிக்க ஆசைப்படும் இளைஞர்களும், அவர்களைப் பெற்றவர்களும் பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்.

முதலாவது, கற்றுக்கொடுப்பவர் யார்? அவருக்கு என்ன தகுதிச் சான்று உண்டு, எத்தனை முறை குதித்திருக்கிறார்? முகாம் நடத்த முறையான அனுமதி இருக்கிறதா?

இரண்டாவது, முதுகில் கட்டும் பையில் இரண்டு பாரசூட்டுகள் இருக்கின்றனவா? இரண்டாவது பாரசூட்டைக் கடைசியாகச் சோதித்து மடித்த தேதி என்ன? அமெரிக்காவில் 180 நாட்களுக்கு ஒரு முறை, உரிமம் பெற்றவர் அதைப் பிரித்துச் சோதித்து மடிக்க வேண்டும் என்பது சட்டம்.

மூன்றாவது, தானாக விரிக்கும் கருவி பொருத்தியிருக்கிறதா? குதித்தவர் மயங்கிப் போனாலும், குழம்பிப் போனாலும், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே அதே வேகத்தில் விழுந்துகொண்டிருப்பதை அறிந்து, இரண்டாவது பாரசூட்டைத் தானே விரித்துவிடும் சிறு யந்திரம் இது.

நான்காவது, தரையில் எத்தனை மணி நேரம் பயிற்சி? முதல் முறை குதிப்பவர், தேர்ந்த ஆசிரியரோடு ஒரே பாரசூட்டில் பிணைந்து குதிப்பதே உத்தமம். இதயக் கோளாறு, வலிப்பு, முதுகெலும்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் இந்தப் பக்கமே போகலாகாது.

ஐந்தாவது, காற்று எப்படி? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. அம்மியே பறக்குமென்றால் குடையைக் கட்டிய மனிதன் எம்மாத்திரம்? காற்று பலமாக இருந்தால் அன்றைக்குக் குதிப்பு இல்லை என்று சொல்லத் துணிந்த ஆசிரியரே நல்ல ஆசிரியர். பணம் கட்டியாகிவிட்டதே என்று முணுமுணுக்கிற மாணவன் நல்ல மாணவன் அல்லன்.

பணம் செலவழிக்காமல் இந்தக் கலையைக் கற்கவும் ஒரு வழி உண்டு. தேசிய மாணவர் படையில் சேர்ந்த மாணவ மாணவியரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு ஆக்ராவில் உள்ள ராணுவப் பயிற்சிப் பள்ளியில் பாரசூட் பயிற்சி அளிக்கிறார்கள். புதுக்கோட்டைக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மறக்கலாகாத நன்றி

ரங்கராஜ் நடத்திய அறுபதாவது பிரிவு இன்னும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூகம்பம் வந்தபோது, 99 பேராகப் பறந்து சென்று இஸ்கெண்டருன் நகரில் ஆஸ்பத்திரி அமைத்தவர்கள் அந்தப் பிரிவினர்தாம். 2025-ல் பர்மாவில் பூமி நடுங்கியபோது மாந்தலே நகரில் போய் நின்றவர்களும் அவர்களே. மொழி தெரியாத தேசத்தில், இடிபாட்டிலிருந்து தூக்கி வந்த குழந்தைக்குக் கட்டுப் போட்டார்கள். டில்லியில் 2021-ல் திறக்கப்பட்ட இந்திய-கொரிய நட்புறவுப் பூங்காவில் இந்தப் பிரிவின் வரலாற்றைத் தூண்களில் பொறித்து வைத்திருக்கிறார்கள். கொரியர்கள் நன்றி மறக்கவில்லை.

நாமும் மறக்கலாகாது. எந்த ஊரிலும் தேடினால் ஒரு பழைய படைவீரர் இருப்பார். டீக்கடை பெஞ்சிலே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். அல்லது ஏதாவது ஒரு வாசலில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். தாம் கண்டதை வலிய வந்து சொல்ல மாட்டார். கேட்டால் சொல்வார். கேட்பதற்குத்தான் ஆளில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 7-ந் தேதி கொடி நாளன்று உண்டியலில் நாலு காசு போடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவருடைய ஓய்வூதியத் தாளில் ஒரு சிக்கல் என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வரை அவரோடு துணையாக நடந்து செல்லலாம். பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேச வைக்கலாம்.

நாட்டுக்காகக் குதித்தவர்களைக் கீழே விழாமல் தாங்குவதும் ஒரு பாரசூட்தான். அதை மடித்து வைக்கும் பொறுப்பு ஊராருடையது.